டெஸ்டர் அண்ணாச்சி சுவரைத் துளைக்க மாட்டார்

தூத்துக்குடியில் டெஸ்டர் அண்ணாச்சி டெஸ்டர் வைத்துப் பார்க்காத இரும்பு கிடையாது. டீக்கடை பாய்லர், மினிபஸ் கைப்பிடி, பல் டாக்டரின் நாற்காலி, மனு வாங்கும் ஜன்னலின் கம்பி என்று ஊரில் உள்ள உலோகம் அத்தனையும் அவருடைய மஞ்சள் பிடி டெஸ்டரால் ஒருமுறையாவது தொடப்பட்டிருக்கிறது. ஊரார் பேனா குத்தும் சட்டைப் பையில் அவர் டெஸ்டர் குத்தியிருப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் காபித் தம்ளரை வாங்கும் முன் டெஸ்டர் வைத்துப் பார்த்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. நான் அவரிடமே கேட்டேன். மறுக்கவில்லை. அந்த வீட்டு கிரைண்டர் ஈரத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும் சொன்னார்.

இதில் சிரிப்பதற்கு எங்களுக்கு உரிமை இருந்தது. ஒரு சாவு வீட்டில் அந்த உரிமை பறிபோனது. ஐஸ்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, பெட்டிமேல் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். மாலையோடு உள்ளே வந்த அண்ணாச்சி, மாலையைப் போடுவதற்கு முன் பெட்டியின் ஓரத்தில் டெஸ்டரை வைத்தார். சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில், ஒரு வெளிச்சம் எரிந்தது.

"அழுதவிய எல்லாரும் ரெண்டடி தள்ளி நின்னு அழுங்க" என்றார் நிதானமாக. "பெட்டியில கரண்டு வருது. செத்தவருக்குத் துணைக்கு ஆள் வேண்டாம்."

அன்றைக்கு எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அழுகையைப் பாதியில் நிறுத்திய பாவத்துக்காக அந்த வீட்டார் அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். சொந்தப் பெயர் என்ன என்று தெருவில் எவருக்கும் தெரியாது. கோயில் திருவிழா நோட்டீசிலேயே 'ஒலி ஒளி: டெஸ்டர்' என்றுதான் அச்சாகும். கரைக்கு வந்த பிறகும் கப்பலின் ஒரு சட்டத்தை மட்டும் அவர் கழற்றவில்லை. சுவரில் ஓட்டை போட மாட்டார். எந்தச் சுவரிலும், எதற்காகவும், யார் சொன்னாலும்.

"கப்பல்ல ஒரு ஓட்டை போடணும்னா பதினாறு கையெழுத்து வேணும் வே. ஓட்டை வழியா தண்ணி வரும், தீ வரும், கடைசில கேப்டனும் வருவாரு" என்பார்.

அவர் வீட்டில் ஆணி கிடையாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கல்யாணப் போட்டோ முப்பது வருஷமாக ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. வந்தவர்கள் நின்றுகொண்டு பேசிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட மனிதரிடம் நாங்கள் போய் நின்றதற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சுவர்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ரோசலி டீச்சரின் பழைய வீட்டில் பின்கட்டு எங்களுக்கு வாடகைக்கு. கடலில் எடுத்த கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள். ஒரு முழத்துக்கு மேல் கனம். காதை வைத்தால் இன்னும் அலை கேட்கும் என்று நான் ஒரு கவிதையில் எழுதியிருக்கிறேன். வைஃபை கேட்காது என்று எழுத விட்டுப்போயிற்று. இன்டர்நெட் பெட்டி டீச்சரின் முன்ஹாலில். என் மனைவி உமாவின் மேஜை பின்கட்டில். இடையில் மூன்று சுவர். ஒவ்வொரு சுவரும் ஒரு தீவு.

உமாவுக்கு ஒரு சென்னைக் கம்பெனியின் வேலை. கப்பலில் ஏறும் சரக்குக்கான காகிதங்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்து அனுப்ப வேண்டும். நாள் முழுக்க ஆபீஸோடு இணைப்பு இருக்க வேண்டும். அறுந்தால் வெளியே தள்ளிவிடும், திரும்ப உள்ளே போவதற்குள் ஒரு கப்பல் கிளம்பியிருக்கும். அடிக்கடி அறுந்தது. கடைசியில் கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. வருகிற திங்கள் முதல் சனி வரை ஒரு வாரம் பார்ப்பார்கள். இணைப்பு நிற்கிறவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். நிற்காதவர்கள் சென்னைக்கு வந்துவிட வேண்டும், அல்லது வேலையை விட்டுவிட வேண்டும்.

உமா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சென்னைக்கும் போவ மாட்டேன். வேலையையும் விட மாட்டேன். மூணாவதா ஒண்ணைக் கண்டுபிடிங்க" என்றாள்.

மூன்றாவது எளிதில் கிடைக்கவில்லை. கேபிள்காரர் வந்து பார்த்து, மூன்று ஓட்டை போட்டால் முடிந்தது என்றார். தன் கண் முன்னால் ஒரு ஆணி இறங்கக்கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். முற்றத்தின் வழியாக வயரை இழுத்தோம். மூன்றாம் நாள் அணில் தின்றது. மொபைலில் பார்த்தோம், சிக்னல் கிணற்றடியில் மட்டும் வந்தது. ஒரு நாள் முன்ஹாலிலேயே உட்கார்ந்து பார்த்தாள். டீச்சரின் பன்னிரண்டு மணி ஜெபம் மீட்டிங்கில் கலந்து, சென்னையிலிருந்து யாரோ ஒருவர் 'ஆமென்' சொன்னார்.

அதன் பிறகுதான் டெஸ்டர் அண்ணாச்சி.

அவர் வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. இவ்வளவு நல்ல சுவரைத் துளைக்கச் சொன்ன கேபிள்காரரைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல் சொன்னார். பிறகு ஜன்னலுக்கு மேலே ஓடிய பழைய மின்சார வயரைக் காட்டினார். சுவரைத் தாண்டி வயர் ஏற்கெனவே போயிருக்கும்போது இன்னொரு வயர் என்னத்துக்கு என்றார். கரண்டு போகிற வயரிலேயே இன்டர்நெட்டையும் அனுப்பலாம். அதற்கென்று இரண்டு சின்னப் பெட்டிகள் உண்டு. ஒன்றை முன்ஹாலில் பிளக்கில் குத்த வேண்டும், மற்றதைப் பின்கட்டில்.

கரண்டோடு சேர்ந்து போனால் கம்ப்யூட்டர் எரிந்துவிடாதா என்று கேட்டேன்.

"உப்பு லாரி ஓடுத ரோட்டுல சைக்கிள் போவலியா வே? லாரி ஏறி நீரு செத்தா போனீரு?"

இரண்டு நாளில் பெட்டிகள் தபாலில் வந்தன. அட்டையில் பவர்லைன் அடாப்டர் என்று போட்டிருந்தது. அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. முத்துக்குளிக்கிற காலத்தில் முங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். தங்கை தாலி அறுந்துவிடக்கூடாதே என்று மச்சான் ஒருத்தன்தான் கயிற்றை விடாமல் பிடிப்பான். அண்ணாச்சி மார்க்கர் பேனாவை எடுத்து, முன்ஹால் பெட்டியில் 'மச்சான்' என்றும் பின்கட்டுப் பெட்டியில் 'மாப்பிள்ளை' என்றும் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தி, பட்டனை அமுக்கி, ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வைத்தார். அதற்குச் சம்பந்தம் பேசுதல் என்று பெயர்.

மாப்பிள்ளையை நான்தான் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் குத்தினேன். விளக்கு எரியவில்லை. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். நான் அதை ஸ்பைக் பஸ்டரில் குத்தியிருந்தேன். ஆறு பிளக் வைத்த, கம்ப்யூட்டரைக் காக்கும் அந்த நீளப் பெட்டியில்.

"இது வாசல்ல நிக்கிற காவக்காரன்லா. கரண்டை மட்டும் உள்ள விடுவான். வயர்ல வேற என்ன சத்தம் வந்தாலும் அங்கனயே கழுத்தப் பிடிச்சு நிறுத்திருவான். மாப்பிள்ளையக் கொண்டுபோயி போலீஸ் ஸ்டேஷன்ல குடி வெச்சிருக்கீரே."

நேராகச் சுவர் பிளக்கில் குத்தியும் விளக்கு சிவப்பாகத்தான் எரிந்தது. வீட்டுக்கு வரும் மூன்று கரண்டு வயர்களில் முன்கட்டு ஒரு பேஸில், பின்கட்டு வேறு பேஸில் என்று கண்டுபிடித்து, மீட்டர் போர்டில் இரண்டையும் ஒரே பேஸுக்கு மாற்றினார். பச்சை எரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம், மூன்று கடல் சுவர்களைத் தாண்டி, ஒரு ஆணி இறங்காமல், சென்னை ஆபீஸ் உமாவின் மேஜைக்கு வந்து நின்றது. ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தோம். ஞாயிறு மத்தியானம் வரை ஒரு முறைகூட அறுந்துபோகவில்லை. உமா மீன்குழம்பு வைத்து அண்ணாச்சிக்கு அனுப்பினாள். பாத்திரத்தை அவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை, சோதனையின் முதல் நாள், மத்தியானத்துக்குள் மூன்று முறை அறுந்தது. சாயங்காலம் மேலதிகாரியின் மெயில் வந்தது. நாளை முதல் ஒரு முறை அறுந்தாலும் சென்னைக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

அண்ணாச்சி வந்து மச்சானையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். சனிக்கிழமை ஓடியது திங்கட்கிழமை ஓடவில்லை என்றால் இடையில் இந்த வீட்டில் என்ன புதிதாக வந்தது என்று கேட்டார். எதுவும் வரவில்லை என்றோம். நம்பவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்து வந்தார். வயரில் சத்தம் போட்டு இன்டர்நெட்டைக் கெடுக்கிற சாமான் பக்கத்தில் போனால் ரேடியோ இரையும் என்றார். அதைக் காதோடு வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். ஃப்ரிட்ஜிடம் போனார். மிக்ஸியிடம் போனார். மோட்டாரின் முன் முழங்காலிட்டார். ரேடியோ தெளிவாக, யாரோ ஒருவர் உரம் போடுவதைப் பற்றிப் பேசியதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

முன்ஹாலின் மூலைக்குப் போனதும் உரம் பேசியவர் செத்தார். எண்ணெய் கொதிப்பதுபோல் ஒரு இரைச்சல். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். எதிரே மாதா சுரூபம். அதன் காலடியில், நீல நிறத்தில், ஒரு எல்.இ.டி. விளக்கு.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இடையில் என்ன வந்தது என்று இப்போது தெரிந்தது. டீச்சரின் மகன் கிளாரன்ஸ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கப்பலேறக் கிளம்பிப் போனான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மகன் கடலுக்குப் போகும்போது டீச்சர் மாதா முன்னால் ஒரு விளக்குப் போடுவார். அவன் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, தன் கையால் சுவிட்சை அணைக்கும் வரை அது எரியும். வேறு யாரும் அணைக்கக்கூடாது. மின்வெட்டு வந்தால் அது மாதாவின் விருப்பம். மெழுகுவத்தி ஏற்றி வைப்பார். மனிதக் கை அணைக்கக்கூடாது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் அது சாதாரண ஜீரோ வாட் பல்பு. இந்த முறை கிளாரன்ஸ் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த நீல விளக்கை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சத்தம் போட்டது அதுதான்.

விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் எழுந்து விளக்கின் முன்னால் நின்றுகொண்டார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பறைக் கதவை மறித்து நின்ற உடம்பு.

"எம்பிள்ளை நடுக்கடல்ல கெடக்கான். இதுமேல ஒரு கை படப்பிடாது."

வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தது. அன்றைக்குக் கரண்டு தானாகப் போகும், யார் கையும் படாமல் மாற்றலாம். ஆனால் உமாவுக்கு வியாழன் வரை இல்லை. செவ்வாய் காலை ஒன்பது மணிதான் இருந்தது.

நான் ஒரு யோசனை சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காலையில் டீச்சர் பூசைக்குப் போவார். பத்து விநாடி அணைத்து வேறு பல்பு மாட்டிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். டெஸ்டரை எடுத்து என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"கவிதை எழுதுதேன் கவிதை எழுதுதேன்னு சொல்லுதீரே. உள்ள கரண்டே இல்லியே வே."

உமா அதைவிடச் சுருக்கமாகப் பேசினாள். அந்த விளக்கை அணைத்துத்தான் இந்த வேலை நிற்கும் என்றால் வேலை போகட்டும் என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய்த் துணிப்பெட்டியை எடுக்கவில்லை. மேஜையிலேயே உட்கார்ந்தாள். போகட்டும் என்றும் சொல்வாள், போகவும் விட மாட்டாள். அந்த முதுகு எனக்குப் பழக்கம்.

அண்ணாச்சி நடையில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா இரண்டு குடித்தார். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கப்பலில் ஒரு ஜெனரேட்டரை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறும்போது விளக்கு அணைவதில்லையாம். முதலில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓட விடுவார்கள். சுமை இரண்டு தோளிலும் ஏறிய பிறகு பழையதை மெல்லக் கழற்றுவார்கள். கேப்டன் படித்துக்கொண்டிருக்கிற பக்கத்தில் ஒரு எழுத்துகூட இருட்டாது. முப்பது வருஷம் நூறு மீட்டர் நீளக் கப்பல்களுக்குச் செய்ததை இந்தச் சுண்டுவிரல் விளக்குக்குச் செய்யப்போவதாக அறிவித்தார்.

"மின்தடைக்கு நான் காத்துக்கெடக்கணுமா? கரண்டு எனக்குக் காத்துக்கெடந்த ஆளு வே நான்."

செவ்வாய் காலை ஏழு மணிக்கு ரப்பர் கையுறையும் ரப்பர் செருப்புமாக வந்தார். கையில் என் ஸ்பைக் பஸ்டர். போலீஸ் ஸ்டேஷன் என்று அவர் திட்டிய அதே நீளப் பெட்டி. வெளிச் சத்தத்தை உள்ளே விடாத காவல்காரன் உள்ளே இருக்கிற சத்தத்தையும் வெளியே விட மாட்டான். விளக்கை அதில் குடிவைத்தால் மாதாவுக்கு வெளிச்சம், மாப்பிள்ளைக்கு அமைதி. அணையாமல் அங்கே மாற்ற வேண்டும். அதுதான் முழுப் பிரச்சினையும்.

இதை வாசகர்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. உங்களிடம் டெஸ்டர் அண்ணாச்சி கிடையாது.

"டீச்சர், சாக்பீஸ் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

ரிட்டையர் ஆன டீச்சர் வீட்டில் சாக்பீஸ் இல்லாமலா? பிளக்கில் எந்தக் கால் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் அடையாளம் போட்டார். மாறினால் வீட்டோடு அணையும். விளக்கு வயரின் மேல்தோலைக் கத்தியால் இரண்டு இடத்தில் சீவினார். ஸ்பைக் பஸ்டரிலிருந்து இரண்டு கிளிப் வயர். இந்தக் காலுக்கு இது, அந்தக் காலுக்கு அது. டெஸ்டர் வைத்தார், திரும்ப வைத்தார், மூன்றாம் முறையும் வைத்தார். கிளிப்பை மாட்டினார். இப்போது விளக்குக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்டு. டீச்சரின் ஜெபமாலை நின்றுவிட்டது. உமா மூச்சை எங்கோ வைத்துவிட்டாள். வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அது முடியும் வரை அண்ணாச்சி காத்திருந்தார். பிறகு சுவரிலிருந்து பிளக்கை உருவினார்.

நீலம் அப்படியே நின்றது. சிமிட்டவில்லை.

உருவிய பிளக்கின் காலிலும் கரண்டு இருந்தது. பாம்பின் தலையைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்து, சாக்பீஸ் கோட்டைப் பார்த்து, ஸ்பைக் பஸ்டரில் குத்தினார். கிளிப்பைக் கழற்றினார். டேப் சுற்றினார். மாதாவுக்குத் தெரியாமல்கூட நடந்திருக்கலாம்.

டீச்சர் ஜெபமாலையை மாதா காலடியில் வைத்தார். சமையலறைக்குப் போய்ப் பால் சாயா போட்டு, வீட்டில் விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் பீங்கான் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி கோப்பையில் டெஸ்டர் வைக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஒன்பது மணிக்கு உமா உள்ளே நுழைந்தாள். மச்சான் கயிற்றைப் பிடித்தான். செவ்வாய் போனது, புதன் போனது. வியாழன் மின்தடைக்கு என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு அண்ணாச்சி ஒரு லாரி பேட்டரியோடு வந்தார், அதை வைத்து என்ன செய்தார் என்று தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும். சனிக்கிழமை மாலை சென்னையிலிருந்து ஒரு வரி வந்தது. நீங்கள் அங்கேயே இருக்கலாம். உமா அதைப் படித்துவிட்டு, அதை நான் போன வாரமே சொன்னேனே என்றாள்.

அன்றைக்கு நடையில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன். விளக்கு அணைந்தால் கடலில் ஏதாவது ஆகும் என்று நம்புகிறாரா என்று. அவர் டெஸ்டரைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் கப்பலுக்குப் போவையில எல்லாம் எங்க லூர்து ஒரு பல்பு போட்டு வெச்சிருப்பா. நான் வந்துதான் அணைப்பேன். ஒலகத்துல உள்ளதெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு வே. அதை மட்டும் டெஸ்ட் பண்ணிப் பாக்கல."

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் போட்டோவில் அவருக்குப் பக்கத்தில் இருப்பது லூர்து. போட்டோவுக்கு மாலை போட்டு ஆறு வருஷம்.

ஒன்பது மாதம் கழித்துக் கிளாரன்ஸ் வந்தான், செருப்பைக் கழற்றினான், சுவிட்சை அணைத்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. ஸ்பைக் பஸ்டர் எதற்கு என்று கேட்டான். மாதாவுக்கு என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

போன மாதம் மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கலும் ஏற்றிப் போகும் ஒரு தோணியில் வயரிங் கெட்டுப்போய், போகிற வழியில் பார்த்துக்கொடுக்க ஆள் தேடினார்கள். டெஸ்டர் அண்ணாச்சி பெட்டியைக் கட்டிவிட்டார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை, ஒரு கண்ணில் ஆபரேஷன். டாக்டர் கூடாது என்றார். மகள் போனில் அழுதாள். தெருவே கூடிப் பேசியது. எல்லோரும் பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். வாசலில் நின்று உமாவிடம் மட்டும் சொன்னார்.

"மச்சான் வெளக்கு செவப்பா எரிஞ்சா பதறாத தாயி. உருவிட்டு ஒரு நிமிசம் கழிச்சுக் குத்து."

அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது எங்கள் பின்கட்டில், உமாவின் மேஜைக்கு மேலே ஜன்னல் கம்பியில், ஒரு ஜீரோ வாட் பல்பு கட்டித் தொங்கியது. ஆணி அடிக்கவில்லை. வயர் ஸ்பைக் பஸ்டருக்குப் போனது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.  சுவிட்சின் மேல் அவள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: 'அண்ணாச்சி வந்து அணைக்கவும்.'

இன்றோடு பத்தொன்பது நாள். இதை எழுதும்போதும் அது எரிகிறது. அந்தப் பக்கம் நடக்கும்போது நான் எதிர்ச்சுவரை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன்.